கழட்டிப் பார்க்கட்டும், விடுங்கள்



ஆயுத பூஜை அன்று சாயங்காலம் ஆவடியிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். குரலில் கோபம் பாதி, அழுகை பாதி. அவள் மகன் நாலாம் வகுப்புப் படிக்கிறான். பிறந்தநாளுக்கு அவன் மாமா ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டு வண்டிகளோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்திருக்கிறார்கள். கற்பூரம் காட்டி முடித்து எல்லோருக்கும் பொரி கடலை கொடுப்பதற்குள், பையன் காரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிட்டான்.

"ரெண்டாயிரம் ரூபா பெரிம்மா. நீங்க டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க, இவனை என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதடி. திரும்ப மாட்டுறானான்னு மட்டும் பாரு" என்றேன்.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். "நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று நான் கேட்டால், "ஜேம்ஸ் வாட், டீச்சர்!" என்று நீங்கள் கோரஸாகச் சொல்வீர்கள். கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்துச் சின்னப் பையன் யோசித்தான் என்ற கதையையும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் சரியில்லை. வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இல், தாமஸ் நியூகாமன் என்ற இரும்பு வியாபாரி நீராவி எஞ்சினைக் கட்டிச் சுரங்கத் தண்ணீரை இறைக்க வைத்துவிட்டார். வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்தும் பழுதுபார்த்தும் பிழைத்தவர். 1763-64 வாக்கில் வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகாமன் எஞ்சினின் சின்ன மாதிரி ஒன்று ஓடவில்லை என்று அவரிடம் ரிப்பேருக்கு வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

நியூகாமன் எஞ்சினில் சிலிண்டருக்குள் நீராவி நிறையும். பிறகு அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி சுருங்கித் தண்ணீராகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். அடுத்த முறைக்கு மறுபடி ஆவி விட்டால், குளிர்ந்து கிடக்கும் சிலிண்டரைச் சூடாக்கவே பெரும்பகுதி ஆவி போய்விடும். ஒவ்வொரு ஈடு இட்லி எடுத்ததும் இட்லிப் பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குளிர வைத்துவிட்டு அடுத்த ஈட்டுக்கு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தால் கேஸ் என்ன ஆகும்? அதே கதைதான். ஆவியைக் குளிர வைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்குமே என்ற யோசனை 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது வாட்டுக்கு வந்தது. 1769இல் காப்புரிமை வாங்கினார். ஆக, வாட் எஞ்சினைக் கண்டுபிடிக்கவில்லை. ரிப்பேருக்கு வந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, அதன் குறையைப் பிடித்தவர் அவர்.

இதைப் படித்த பிறகு மற்றவர்களின் கதையையும் தேடித் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? ஆளுக்கு ஆள் ஊர் வேறு, காலம் வேறு. ஆனால் ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஜார்ஜ் ஸ்டீபன்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் எஞ்சின் பார்த்துக்கொண்ட தொழிலாளி. பதினெட்டு வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பாதித்த காசில் இரவுப் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டார். வேலை ஓய்ந்த சனிக்கிழமைகளில் தன் எஞ்சினைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். அதுதான் அவருடைய கல்லூரி. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் யாராலும் சரிசெய்ய முடியாத ஒரு பம்ப் எஞ்சினை 1811இல் பிரித்துச் சரிசெய்தார். அதன் பிறகு அவரைப் பெரிய வேலைகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 1829இல் அவரும் மகன் ராபர்ட்டும் சேர்ந்து செய்த 'ராக்கெட்' ரயில் எஞ்சின் ரெயின்ஹில் போட்டியில் ஜெயித்தது. அதற்கு 27 வருடம் கழித்து, 1856 ஜூலை 1ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அது போன வழி நம் அம்பத்தூர், ஆவடி வழிதான். இன்றைக்கும் நீங்கள் அம்பத்தூர் ஸ்டேஷனில் திருவள்ளூர் லோக்கலுக்காக நிற்கும்போது அந்தப் பாதையில்தான் நிற்கிறீர்கள்.

அடுத்தது காரின் கதை. நிகோலஸ் ஆட்டோ 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை ஓட வைத்தார். உங்கள் புல்லட்டும் ஆக்டிவாவும் இன்றும் ஓடுவது அந்த முறையில்தான்: உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று. அவர் எஞ்சினியரிங் படித்தவரா? இல்லை. ஊர் ஊராகப் போய் மளிகைச் சரக்குக்கு ஆர்டர் பிடித்த விற்பனையாளர். லெனுவார் என்பவர் செய்த கேஸ் எஞ்சினைப் பார்த்து, அதைப் போல ஒன்று செய்து பார்க்கத் தொடங்கியதில் வந்தது இது.

1886 ஜனவரியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமைக்கு மனுப் போட்டார். இதை நான் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் ஒருநாளும் சொல்லாமல் விட்டது அவர் மனைவி பெர்த்தாவைப் பற்றி. அவருடைய சீதனப் பணம்தான் பென்ஸின் தொழிலில் முதலாகப் போனது. வண்டி செய்தாகிவிட்டது, ஆனால் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த போர்ட்சைமுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர். அதுவரை அத்தனை தூரம் யாரும் மோட்டார் வண்டியில் போனதில்லை. பெட்ரோல் பங்க் ஏது? வழியில் ஒரு மருந்துக் கடையில் துணிக் கறை போக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடிக்கச் சொன்னார். மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். ஒரு பெண் டீச்சர், பெண் குழந்தைகளும் உட்கார்ந்திருந்த வகுப்பில், முப்பத்தைந்து வருடம் இந்தப் பெயரைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பது உண்மை. ஆனாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ரோல்ஸ்-ராய்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் ராய்ஸ் என்பவர் ஏழைப் பையன். சின்ன வயதில் பேப்பர் விற்றவர், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1903 வாக்கில் டெகாவில் என்ற பழைய பிரெஞ்சுக் காரை வாங்கினார். பிடிக்கவில்லை. அதை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நானே செய்கிறேன் என்று 1904இல் தன் முதல் காரை ஓட்டினார்.

அதே 1903இல் நம் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? அண்ணா சாலையில் 'சிம்சன்' என்று கண்டக்டர் கத்தும் ஸ்டாப்பில் எத்தனை முறை இறங்கியிருப்பீர்கள்! அந்த சிம்சன் கம்பெனி 1840இல் தொடங்கி, குதிரை வண்டிகள் கட்டிப் பேர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் ஒரு நீராவிக் கார் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுதான் என்று சொல்கிறார்கள். குதிரையை நம்பி வண்டி கட்டிய பட்டறையிலிருந்து குதிரை இல்லாத வண்டி வந்தது. வாட் பெயரைச் சொல்லி மார்க் வாங்கிய நாம், பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த கிரீன் பெயரைக் கேட்டதில்லை.

இனி நம் ஜி.டி.நாயுடு. 1893இல் கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போது ஒரு டீச்சராக எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஊர் வழியாக வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தது முதல் அதே நினைப்பு. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சப்ளையராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினாரா? வண்டியை முழுக்கப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே சர்வீஸ் தொடங்கினார், டிரைவரும் அவரே. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார். 1952இல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய் என்றார். அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் அனுமதி கொடுக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. பள்ளிக்கூடம் பிடிக்காத இதே மனிதர்தான் 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் வர முன்னின்றார். அங்கே இத்தனை வருடப் படிப்பு வீண், இதைவிடக் குறைந்த காலத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடினார். அவர் வெறுத்தது படிப்பை அல்ல. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்கும் படிப்பைத்தான்.

இப்போது என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

1991 என்று நினைவு. நான் சைக்கிளில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த காலம். நம் அம்பத்தூரிலேயே செய்த சைக்கிள், டைனமோ லைட்டோடு. அந்த வாரம் ஏழாம் வகுப்பில் டைனமோ பாடம். போர்டில் கலர் சாக்பீஸால் காந்தமும் கம்பிச் சுருளும் அழகாக வரைந்து பாகங்களைக் குறித்து, "பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு பையன் குந்தி உட்கார்ந்திருந்தான். என் சைக்கிளின் டைனமோ அவன் மடியில் மூன்று துண்டாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவன் ஓடவில்லை. "டீச்சர், நீங்க வரைஞ்ச மாதிரி இல்ல டீச்சர். இதுல காந்தம்தான் சுத்துது, கம்பி சும்மா இருக்கு" என்றான்.

அவன் சொன்னது சரி. சைக்கிள் டைனமோவில் சுற்றுவது காந்தம்தான். நான் வரைந்த படத்தில் சுருள் சுற்றியது. எது சுற்றினாலும் மின்சாரம் வரும். காந்தப்புலம் கம்பிச் சுருளுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்தின் உயிரே அதுதான். முப்பத்தெட்டுப் பேர் பார்த்து எழுதிய வகுப்பில் ஒருவன் மட்டும் அதைத் தன் கையால் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். நான் என்ன செய்தேன்? ஸ்கேலால் உள்ளங்கையில் நாலு அடி. அப்பாவைக் கூட்டி வரச் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து தூங்காத கண்ணோடு வந்து எனக்குப் புது டைனமோவுக்குப் பணம் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? வகுப்பு முன்னால், "இப்படியே இருந்தா மெக்கானிக் கடையிலதான் போய் நிப்பே" என்றும் சொன்னேன்.

அந்தப் பையன் பிறகு ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தான். இப்போது எஸ்டேட்டில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். ஆயுத பூஜைக்குப் பொரியும் பழமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். இரண்டு வருடத்துக்கு முன்பு அவனிடம் அந்த டைனமோ விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க டீச்சர், அன்னைக்கு நீங்க அடிச்சது சரிதான். பொருளு உங்களுதாச்சே" என்று சிரித்தான். சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தான் செய்தது தப்பு என்று அவனை நம்ப வைத்துவிட்டேனே!

இதில் என் ஒருத்தியின் தப்பு மட்டும் இல்லை, நம் எல்லோருடையதும் இருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன். நாம் இருக்கிற இடம் எது? பாடியில் வண்டிச் சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்கிறார்கள். அம்பத்தூரில் சைக்கிள். ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளியே வந்தது. வெளிநாட்டு வடிவமைப்புதான், ஆனால் அதைப் பாகம் பாகமாகக் கற்றுக்கொண்டது நம் ஊர்க் கைகள். உங்களில் பலருடைய அப்பாக்கள் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள். பிறகு அதே ஆவடியில் அர்ஜுன் டாங்கியை நம்மவர்களே வடிவமைத்தார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியில் செய்தது. இத்தனை வருடம் கழித்தும் எஞ்சினுக்கு வெளியே கையேந்தத்தான் வேண்டியிருக்கிறது. காரணம் பல இருக்கும், பெரிய விஷயம், நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பிரித்துப் பார்க்கிற பிள்ளையின் கையில் அடிக்கிற ஊரில், புது எஞ்சின் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம் அல்லவா?

ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் அதே ஸ்பானர் பிடிக்கிறவரைக் காட்டி, "படிக்கலைன்னா இப்படித்தான் ஆவே" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இனி யாரும் சொல்லாதீர்கள். ஸ்டீபன்சனும் ராய்ஸும் நாயுடுவும் அந்தக் கடையில் நின்றவர்கள்தான்.

"எல்லாவற்றையும் கழற்ற விட்டால் வீடு என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். நியாயம். கரண்ட் ஷாக் விளையாட்டில்லை. மிக்ஸி, மைக்ரோவேவ், கேஸ் அடுப்பு, குக்கர் வால்வு, போன் பேட்டரி இவற்றின் பக்கம் குழந்தைகளை விடவே கூடாது. ஆனால் ஓடாத சுவர்க் கடிகாரம், செல் போட்டு ஓடும் பொம்மை, பழைய சைக்கிள் மணி, தாழ்ப்பாள், கெட்டுப்போன பூட்டு இவற்றை எடைக்குப் போடாமல் ஒரு அட்டைப் பெட்டியில் சேர்த்துக் கொடுங்கள். செல்லை முதலில் நீங்கள் எடுத்துவிடுங்கள். ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் கொடுங்கள். கழற்றுவதற்கு முன்பு படம் வரையச் சொல்லுங்கள். கழற்றும் வரிசையிலேயே ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் அடுக்கச் சொல்லுங்கள். பிறகு மாட்டச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். திட்டாதீர்கள். அது எங்கே போக வேண்டும் என்று தேடுவதில்தான் படிப்பு இருக்கிறது. பையனுக்கு மட்டும் இல்லை, பெண் பிள்ளைக்கும் அந்தப் பெட்டியைக் கொடுங்கள்.

எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பள்ளியிலிருந்து நாலு பிள்ளைகள் வந்து பாதுகாப்பான தூரத்தில் நின்று லேத் ஓடுவதைப் பார்க்க விடுங்கள். இரும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் வருவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: படம் வரையும் முன் பொருளைக் காட்டுங்கள். என்னை மாதிரி செய்யாதீர்கள்.

என் தங்கை மகளுக்கு: கண்ணு, காரை எடைக்குப் போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டுகளை ஒரு கவரில் போட்டு, பையனையும் கூட்டிக்கொண்டு வா. அவனும் நானும் உட்கார்ந்து மாட்டுகிறோம். எனக்குத் தெரியாவிட்டால் டைனமோக்காரன் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான்.

மற்றவர்கள் கீழே எழுதுங்கள்: சின்ன வயதில் எதைக் கழற்றி யாரிடம் அடி வாங்கினீர்கள்? என்னிடம் வாங்கியவர்களும் தயங்காமல் எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்